ஒருமனதாக

ஜனவரி 12

தம்பி,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய் என்று ரேடியோவே சொல்லிவிட்டது. போன தடவை போனில் நீ கத்தினாய், நான் அதற்கு மேல் கத்தினேன், பக்கத்து வீட்டுக்காரி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். இனிமேல் நமக்குள் கடிதம்தான் என்று அன்றைக்கே சொன்னேன். எழுத்தில் கத்தினால் தெருவுக்குக் கேட்காது.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று மதியம் எங்கள் சலவைக்கூடத்தில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. உன் அமைச்சர் பேசினார். வழக்கமாக யாரும் காது கொடுப்பதில்லை. திடீரென்று இஸ்திரிக்காரி, "ஏய், மெஷின நிறுத்துங்கடி, நம்ம டப்பாவப் பத்திப் பேசறாரு!" என்று கூவினாள். நிறுத்தினோம். ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்துப் பெண்கள் தங்கள் வேலை நேரத்தையும் லீவையும் தாங்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்களாம், பிஸ்கட் டப்பாவில் பொத்தான் போட்டு. "சோஷலிசமும் ஜனநாயகமும் ஒன்றாக வாழ முடியாது என்பவர்கள் அந்த டப்பாவைப் போய்ப் பார்க்கட்டும்" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கும் காது குளிர்ந்தது, மறைக்கவில்லை.

ஆனால் இந்தப் பேச்சை எழுதியது நீதானே? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? டப்பாவைச் சொன்னார், பொத்தானைச் சொன்னார், துண்டைச் சொல்லவே இல்லை. மெஷின் வலையில் சிக்கும் பொத்தான்களில் டாக்டர்களின் கோட்டிலிருந்து விழுந்தது வெள்ளை, காவலாளிகளின் சட்டையிலிருந்து விழுந்தது கறுப்பு. ஆளுக்கு இரண்டிலும் ஒவ்வொன்று. சரி என்றால் வெள்ளை, வேண்டாம் என்றால் கறுப்பு. டப்பாவையும் பக்கத்தில் ஒரு பையையும் சேர்த்துப் பெரிய துண்டால் போர்த்திவிடுவோம். துண்டுக்கடியில் கை போகும். ஓட்டு டப்பாவில், மிச்சப் பொத்தான் பையில். எது எங்கே விழுந்தது என்று கூடப் பிறந்தவளுக்கும் தெரியாது. போன மாதம் ஷிஃப்டை மாற்றலாம் என்று நான் சொன்னேன். டப்பாவைக் கவிழ்த்தால் கறுப்பாகக் கொட்டியது. என் முகத்துக்கு நேரே சொல்லத் தயங்கியவர்கள் துண்டுக்கடியில் சொன்னார்கள். எனக்கு ரெண்டு நாள் மூஞ்சி தூக்கல்தான், ஆனால் ஷிஃப்டை மாற்றவில்லை.

உன் அத்தான் அப்படியேதான் இருக்கிறார். வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். பஸ் ஓட்டிய காலத்தில் டிப்போவில் வைத்த 'ஹாரன்' என்ற பெயர் இப்போது வார்டிலும் பரவிவிட்டது. பக்கத்துப் படுக்கை இஸ்திரிக்காரியின் புருஷனுக்கு, டெய்லர். உங்கள் கட்சி என்றால் அவருக்கு உயிர். ரெண்டு பேரும் கையில் ஊசியோடு படுத்துக்கொண்டு அரசியல் சண்டை போடுகிறார்கள், நர்ஸ் தலையில் அடித்துக்கொள்கிறாள். மே மாதத் தேர்தலில் உங்களுக்கு எதிராகத்தான் ஓட்டுப் போடப் போகிறாராம் உன் அத்தான். "சோப்புக்கு வரிசை, செருப்புக்கு வரிசை, போய்ச் சேர்றதுக்கும் வரிசையில நிக்கச் சொல்லுவாங்க" என்கிறார்.

அடுத்த பேச்சில் துண்டையும் சேர்த்துக்கொள்.

அக்கா


ஜனவரி 24

அன்புள்ள அக்கா,

துண்டை விட்டது என் தவறுதான். முதலில் எழுதியிருந்தேன். பேச்சு நீளமாகிவிட்டது என்றார்கள், அந்த இடத்தில் கைவைத்தேன். அமைச்சருக்கு உன் டப்பா மிகவும் பிடித்துவிட்டது. அறைக்குள் வருபவர்களிடமெல்லாம் அதையே சொல்கிறார். உன்னைப் பற்றி இந்தக் கட்டடத்தில் பெருமையாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

ஆனால் அத்தானைப் பற்றி நீ விளையாட்டாக எழுதியது எனக்கு விளையாட்டாகப் படவில்லை. நாங்கள் தோற்கப் போகிறோம், அக்கா. வெளியே யாரும் சொல்வதில்லை, உள்ளே எல்லாருக்கும் தெரியும். அவர்கள் வந்தால் மருத்துவமனைகளைக் குத்தகைக்கு விடுவார்கள். மறைக்கவில்லை, மேடை போட்டுச் சொல்கிறார்கள். அப்போது அத்தான் படுத்திருக்கும் படுக்கைக்கு ஒரு விலை இருக்கும். உன் சலவைக்கூடத்துக்குப் பழைய காண்ட்ராக்டரே திரும்பி வருவான். அவனிடம் வேலை பார்த்தபோது உன் விரல்கள் பிளீச்சில் வெந்து கிடந்ததை நான் மறக்கவில்லை. சாப்பாட்டைப் பிசைய முடியாமல் ஸ்பூனால் சாப்பிட்டாய்.

ஐந்து வருடம் பாடுபட்டுக் கட்டியதை ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் கலைத்துவிடலாம் என்றால், இது என்ன ஏற்பாடு? ஒரு பள்ளிக்கூடம் கட்டவே மூன்று வருடம் ஆகிறது. ஒரு சமூகத்தை மாற்ற எத்தனை வருடம் வேண்டும்? மக்கள் ஓட்டு என்பாய். பத்திரிகை யாருடையது, டிவி யாருடையது? அத்தான் பேசுவது அத்தானுடைய பேச்சா, வார்டில் ஓடும் டிவியின் பேச்சா? சோஷலிசமும் ஜனநாயகமும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியுமா என்று இப்போதெல்லாம் எனக்கே சந்தேகம் வருகிறது.

அவரிடம் எடுத்துச் சொல். அவர் உடம்பில் ஓடுகிற ரத்தம் நாங்கள் சுத்தம் செய்து கொடுத்தது.

தம்பி


பிப்ரவரி 6

தம்பி,

கடைசி வரியை எழுதும்போது உன் கை கூசவில்லையா?

அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. ரத்தம் ஓடுகிற குழாயைப் பார்த்தார். அப்புறம், "மச்சான்கிட்ட சொல்லு, மெஷின் என் ரத்தத்ததான் சுத்தம் பண்ணுது, மூளைய இல்ல" என்றார். பக்கத்துப் படுக்கையிலிருந்து டெய்லர், "பண்ணியிருந்தா நாட்டுக்கு நல்லது" என்றார். ரெண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நான் உங்களுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். பிளீச்சில் வெந்தது என் விரல், உன்னுடையது இல்லை. காண்ட்ராக்டர் வந்தால் என்ன ஆகும் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? நீங்கள் தோற்றால் இவர் என்ன ஆவார் என்று யோசிக்காத நாள் இல்லை. உன்னிடம் ஒன்று சொல்கிறேன், உனக்குள் இருக்கட்டும். போன வாரம் இவருடைய வாக்காளர் அட்டையை எடுத்து பெட்ஷீட் அடுக்குக்கு நடுவில் ஒளித்து வைத்தேன். தேடு தேடு என்று தேடினார். எப்போதும் என்னைத்தான் திட்டுவார், அன்றைக்குத் திட்டவில்லை. "எங்கியோ நான்தான் வெச்சிட்டேன் போல" என்று தன்னையே நொந்துகொண்டார். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கண்ணில் படுகிற மாதிரி மேஜைமேல் போட்டுவிட்டேன்.

தோற்றால் தோற்றுப் போங்கள். எங்களிடம் வந்து, எதில் தப்புப் பண்ணினோம் என்று கேளுங்கள். சோப்பு வரிசையைச் சரி பண்ணுங்கள். அடுத்த தடவை வாருங்கள். சலவைக்கூடம் எங்களுடையது என்று பலகை வைத்திருக்கிறீர்கள். வேண்டாம் என்று சொல்ல முடியாத இடம் எப்படி எங்களுடையதாகும்?

அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதம் வருவதற்குள் செய்தி வந்திருக்கும். தேர்தல் ஒரு வருடம் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. ரத்து இல்லை, தள்ளிவைப்புதான். யார் என்ன சொன்னாலும் இந்த வித்தியாசத்தை நீ ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கான அறிக்கையை எழுதியவர்களில் நானும் ஒருவன். நீ வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அதில் உன் டப்பாவும் இருக்கிறது. இனி எல்லா வேலையிடங்களிலும் மாதந்தோறும் பொத்தான் ஓட்டு நடக்கும். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஓட்டுப் போட்டவர்கள் இனி மாதத்துக்கு ஒரு முறை போடுவார்கள். அது குறைந்த ஜனநாயகமா, கூடுதல் ஜனநாயகமா, நீயே சொல். அமைச்சர் என்னைக் கேட்டதும் இதைத்தான்.

பெட்டி மட்டும் கண்ணாடியில். கள்ள ஓட்டு விழக் கூடாது, யாரும் சந்தேகப்படக் கூடாது என்பதற்காக. துண்டைப் பற்றிச் சொன்னேன், அக்கா. நிஜமாகவே சொன்னேன். "மறைக்க என்ன இருக்கிறது?" என்று கேட்டார்கள். அந்தக் கூட்டத்தில் நான்தான் வயதில் சின்னவன்.

அத்தானுடைய படுக்கைக்கு இனி ஆபத்தில்லை. அதை நினைத்துத்தான் நான் கையெழுத்துப் போட்டேன். நீ நம்பாவிட்டாலும் அது உண்மை.

தம்பி


ஏப்ரல் 20

தம்பி,

பெட்டி வந்து சேர்ந்தது. கூடவே ஒரு மேற்பார்வையாளரும் வந்து சேர்ந்தார். சட்டையை அவ்வளவு விறைப்பாகப் போட்டுக்கொண்டு வந்தார், சலவைக்காரிகள் சும்மா விடுவார்களா? முதல் நாளே 'கஞ்சி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நல்ல மனுஷன் மாதிரிதான் தெரிகிறார். எல்லாரையும் அக்கா, அம்மா என்றுதான் கூப்பிடுகிறார். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார், அவ்வளவுதான் அவர் வேலை.

பொத்தானும் நீங்களே அனுப்பிவிட்டீர்கள். மெஷின் வலையில் சிக்கியது சுத்தமில்லையாம். பாக்கெட்டைப் பிரித்தால் வெள்ளை ஒரு குவியல், கறுப்பு ஒரு பிடி. "கறுப்பு பத்தாதே" என்றேன். "தேவைப்பட்டா கேட்டு வாங்கிக்கலாம்க்கா" என்றார் கஞ்சி. அவரிடம் போய்க் கறுப்பு கேட்டு வாங்கி, அவர் கண்ணெதிரே கண்ணாடிக்குள் போட வேண்டும். புரிகிறதா?

முதல் ஓட்டு, தேர்தல் தள்ளிவைப்பை ஆதரித்து. எல்லாம் வெள்ளை. வாய் ஓயாமல் உங்களைத் திட்டுகிறவளும் வெள்ளை. நானும்தான். ஒரு வருடம்தானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது உன் அத்தான், "உங்க டப்பாவத் திருடிட்டுப் போயி ஜன்னலா மாட்டிட்டான் மச்சான்" என்றார். நான் உன்னை விட்டுக் கொடுக்கவில்லை. பழைய டப்பாவில் இப்போது சோப்புத் தூள் இருக்கிறது.

அக்கா


ஜூன் 15

அக்கா,

இனி அலுவலக முகவரிக்கு எழுதாதே. கீழே வீட்டு முகவரி எழுதியிருக்கிறேன். காரணம் எதுவும் இல்லை. இங்கே கடிதங்கள் மேஜை மாறிப் போகின்றன.

நீ கோபமாக இருப்பது தெரியும். ஆனால் நல்லதையும் பார். உன் ஊரிலேயே சோப்பு வரிசை குறைந்திருக்கும். புதிதாக இரண்டு மருத்துவமனைகள் திறக்கிறோம். தேர்தல் நடந்திருந்தால் இவையெல்லாம் கிடைத்திருக்குமா? போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்திருப்போம். என்னுடன் வேலை பார்த்த இருவரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவர்கள் கொஞ்சம் அதிகமாகக் கேள்வி கேட்பவர்கள். நான் என் வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து வரும் மருத்துவச் சாமான்களில் தட்டுப்பாடு இருக்கிறது. அங்கங்கே சில மாற்றங்கள் வரலாம். நீ பயப்படாதே. அத்தானுக்கு ஒன்றும் ஆகாது, அதற்கு நான் பொறுப்பு.

தம்பி


ஆகஸ்ட் 28

தம்பி,

உன் பொறுப்பை இரண்டு வாரத்துக்கு முன் பார்த்தேன்.

மருத்துவமனையின் பெரிய கூடத்துக்கு எல்லாரையும் வரச் சொன்னார்கள். நர்ஸ்கள், துப்புரவுக்காரர்கள், சமையல்கட்டு, நாங்கள். கஞ்சி ஒரு தாளைப் படித்தார். டயாலிசிஸ் ஃபில்டருக்குத் தட்டுப்பாடு. காத்திருப்பவர்கள் நிறைய. அதனால் ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு இனி வாரத்துக்கு மூன்று முறை இல்லை, இரண்டு. இது தொழிலாளர்களே எடுக்கும் முடிவு. பொத்தான் போடுங்கள்.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால், காத்திருப்பவர்கள் இருப்பது பொய்யில்லை. வராண்டாவில் சின்னப் பையன்கள்கூட உட்கார்ந்திருக்கிறார்கள். ஏன் தட்டுப்பாடு, எத்தனை நாளைக்கு, வேறு எதைக் குறைக்கலாம், புதுக் கட்டடத்துக்குக் கொட்டுகிறதை இதற்குக் கொடுக்கலாமா என்று ஒருத்தராவது பேசியிருந்தால், எனக்கு என்ன தோன்றியிருக்குமோ தெரியாது. யாரும் பேசவில்லை. வரிசையில் நின்று வெள்ளையைப் போட்டார்கள். டயாலிசிஸ் வார்டு நர்ஸும் போட்டாள், தரையைப் பார்த்துக்கொண்டே.

நான் கஞ்சியிடம் போய்க் கறுப்பு கேட்டேன். கொடுத்தார், புன்னகையோடு. போட்டேன். கண்ணாடிக்குள் அது மட்டும் தனியாகத் தெரிந்தது. கூடமே அதைப் பார்த்தது.

எல்லாரும் போன பிறகு கஞ்சி என்னைக் கூப்பிட்டார். பெட்டியிலிருந்து அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "அக்கா, உங்க சட்டைப் பொத்தான் தவறி உள்ள விழுந்திருச்சு. தெச்சுக்குங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ரெண்டு வார்த்தை கேட்டிருப்பேன்.

இன்றைக்குப் பத்திரிகையில் வந்திருக்கிறது, எங்கள் மருத்துவமனை ஊழியர்கள் ஒருமனதாக முடிவெடுத்தார்களாம். அந்த வார்த்தையை எழுதியது யார், தம்பி? அந்தப் பொத்தானை இதோடு வைத்து அனுப்புகிறேன். உன் சட்டைக்குத் தைத்துக்கொள்.

போன வருடம் டயாலிசிஸ் மெஷின் ரெண்டு நாள் நின்றது, ஞாபகம் இருக்கிறதா? கேட்டில் நின்று கத்தினோம். மறுநாள் உன் அமைச்சரே வந்து நின்றார், வேர்க்க விறுவிறுக்க. எங்கள் மேல் பாசமா? தேர்தல் வருகிறதே என்ற பயம். அந்தப் பயத்தில்தான் இவர் உயிர் ஓடிக்கொண்டிருந்தது, எனக்குத்தான் அப்போது தெரியவில்லை. இப்போது நான் எந்த கேட்டில் போய்க் கத்துவது?

இவருக்குக் கால் வீங்க ஆரம்பித்துவிட்டது. படுத்தால் மூச்சு வாங்குகிறது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறார். உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா


செப்டம்பர் 17

அக்கா,

நான்தான் எழுதினேன். மாவட்டங்களிலிருந்து தாள்கள் கட்டுக்கட்டாக வரும். எல்லாவற்றுக்கும் ஒரே வாக்கியம்தான் போடுவோம். உன் மருத்துவமனையும் அந்தக் கட்டில் இருந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் வேறு எதையும் எழுதியிருக்க முடியாது. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நீ இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவாய்.

உன் பொத்தானை எடுத்துக்கொண்டு அமைச்சரிடம் போனேன். மேஜைமேல் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விடும், அதற்கு மேலும் ஏதாவது ஆகும் என்று தயாராகத்தான் போனேன். அவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரு, அந்த டப்பா அக்காவா? அவங்க வீட்டுக்காரரா? முன்னாடியே சொல்லக் கூடாதாய்யா?" என்றார். என் எதிரிலேயே போனை எடுத்தார். நான் டீயைக் குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. அத்தானுக்கு வருகிற வாரத்திலிருந்து மறுபடியும் மூன்று முறை.

மற்றவர்களைப் பற்றிக் கேட்க வாயைத் திறந்தேன். "உன் வீட்டு விஷயம் முடிஞ்சுதுல்ல?" என்றார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

இது சலுகை என்று எனக்குத் தெரியும். இதை ஒழிப்பதற்காகத்தான் நாங்கள் வந்தோம் என்பதும் தெரியும். உன்னிடம் வாதாட எனக்கு இப்போது தெம்பில்லை. நீ ரோஷக்காரி. தயவுசெய்து இந்த ஒரு தடவை ரோஷத்தைப் பார்க்காதே. அமைச்சர் சொல்லவில்லை, கட்சி சொல்லவில்லை, நான் கேட்கிறேன். எனக்கு நீயும் அத்தானும்தான் இருக்கிறீர்கள்.

தம்பி


நவம்பர் 9

தம்பி,

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் கோபம் காரணமில்லை.

உன் கடிதம் வந்த அன்றைக்கே அவரிடம் சொன்னேன். வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றும் இருந்தது, சொல்லிவிடக் கூடாதே என்றும் இருந்தது. ஊரையே அலற வைத்த ஹாரன் அல்லவா! அவர் தன் காலைப் பார்த்தார். விரலால் அமுக்கினார், குழி விழுந்தது. அது மேலே வருகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "எத்தன மணிக்கு வரச் சொன்னாங்க?" என்று கேட்டார்.

வீக்கம் வற்றிவிட்டது. படுத்துத் தூங்குகிறார். உனக்கு நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன். நீ கேட்டதால் இல்லை, ரோஷத்தைப் பார்த்தால் இவர் இருக்க மாட்டார் என்பதால் வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து அவர் அரசியல் பேசுவதில்லை. வார்டில் டிவி ஓடினால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். வாக்காளர் அட்டை இன்னும் அந்த மேஜைமேல்தான் கிடக்கிறது, அதன்மேல் தூசி.

ஃபில்டர் வானத்திலிருந்து விழவில்லை. மெஷினில் காலி நேரமும் கிடையாது. இவருக்கு ஒன்று கூடினால் யாருக்கோ ஒன்று குறைய வேண்டும். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. மூன்றாவது முறைக்காக இவரைக் கூட்டிக்கொண்டு போன அன்றைக்குப் பக்கத்துப் படுக்கை காலியாக இருந்தது. டெய்லருக்கு இனி வாரத்துக்கு ஒன்றுதானாம், தற்காலிகமாம். கஞ்சிதான் போய்ச் சொல்லியிருக்கிறார். "நம்ம அரசாங்கம் காரணமில்லாம செய்யாது" என்று டெய்லர் தன் பெண்டாட்டியைச் சமாதானப்படுத்தினாராம். உங்களுக்காக வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்ட ஆள். உங்களுக்கு எதிராக ஓட்டுப் போடுவேன் என்றவருக்கு மூன்று, அவருக்கு ஒன்று. ஏனென்றால் இவருடைய மச்சான் நீ.

திருப்பிக் கொடுத்திருக்கலாம். நானே கஞ்சியிடம் போய், வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். இவர் கால் வற்றிக்கொண்டு வந்தது. டெய்லர் போன மாதக் கடைசியில் இறந்துவிட்டார்.

அவர் கடைசியாகப் படுத்திருந்த பெட்ஷீட் எங்கள் கூடத்துக்குத்தான் வந்தது. மூலையில் வார்டு எண்ணும் படுக்கை எண்ணும் தைத்திருக்கும், அதனால் தெரிந்தது. நான் வெளுத்தேன். காரியமெல்லாம் முடிந்து இஸ்திரிக்காரி வேலைக்கு வந்தாள். தேய்க்காமல் கிடந்த அடுக்கில் அது அவள் முறையில் வந்தது. எண்ணைப் பார்த்தாள். மடிப்பு மடிப்பாகத் தேய்த்து அடுக்கிவிட்டு அடுத்ததை எடுத்தாள். என்னிடம் பேசுவதில்லை. திட்டவும் இல்லை. ஹாரன் வீட்டுக்கு அந்த மூன்றாவது முறை எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும்.

நேற்றுப் பெரிய கூடத்தில் மறுபடியும் கூட்டம். தேர்தலை இன்னும் ஒரு வருடம் தள்ளிவைக்கலாமா என்று. வரிசையில் எனக்கு முன்னால் இஸ்திரிக்காரி நின்றாள். அவள் கறுப்பைப் போட்டால் நானும் போட்டுவிடுவேன் என்று நினைத்துக்கொண்டேன். அவள் வெள்ளையைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், வேலை வேண்டும்.

என் முறை வந்தது. என்னிடம் ஒரு கறுப்பு இருந்தது, நம் பழைய பொத்தானில் ஒன்று, காவலாளி சட்டையிலிருந்து விழுந்தது. கஞ்சியிடம் கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் வீட்டிலிருந்தே கொண்டுபோயிருந்தேன். கண்ணாடிக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அவருக்கு நான் பயப்படவில்லை. அந்த மூன்றாவது முறை போய்விடுமே என்று பயந்தேன். ஒரு துண்டு மட்டும் இருந்திருந்தால் போட்டிருப்பேன். அவளும் போட்டிருப்பாள். அந்தக் கூடத்தில் பாதிப் பேர் போட்டிருப்பார்கள், இல்லை, ஒருவேளை யாருமே போட்டிருக்க மாட்டார்களோ என்னவோ. அதுகூட இனி யாருக்கும் தெரியாது. உனக்கும் தெரியாது, உன் அமைச்சருக்கும் தெரியாது.

வெள்ளையைப் போட்டேன். கஞ்சி தலையை ஆட்டி, "நல்லதுக்கா" என்றார்.

சோஷலிசமும் ஜனநாயகமும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியுமா என்று நீ ஒரு கடிதத்தில் சந்தேகப்பட்டாய். எனக்குப் படிப்பு இல்லை, நாட்டைப் பற்றித் தெரியாது. எங்கள் சலவைக்கூடத்தில் இரண்டும் குடியிருந்தன, ஒரு பழைய துண்டுக்கடியில். அந்தத் துண்டை நீளம் அதிகம் என்று பேச்சிலிருந்து நீ வெட்டிவிட்டாய். உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. இப்போது குத்திக்காட்டுகிற இடத்தில் நானும் இல்லை.

எங்கள் மருத்துவமனையின் தாள் இந்த வாரம் உன் மேஜைக்கு வரும். தயங்காமல் ஒருமனதாக என்றே எழுது. இந்தத் தடவை அது பொய்யில்லை.

அக்கா